மின்வடமும் பொதுநலமும்

சிறு பொருள்களைக் குறித்துப் பெரியோர் அவை கூடி ஆராய்தல் வேண்டுமோ என வினவுவார் உளர். கைப்பேசிக்கு மின்னூட்டும் கம்பியின் முனை தட்டையாய் இருந்தாலென்ன, உருண்டையாய் இருந்தாலென்ன என்று அவர் நகைப்பர். ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாராளுமன்றம் அம்முனையின் வடிவத்தைக் குறித்துப் பல்லாண்டு வாதித்து, 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள், 602 பேர் இசையவும், 13 பேர் மறுக்கவும், 8 பேர் ஒதுங்கி நிற்கவும், ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டது. இது வீண்செயலன்று. முனை சிறிதாயினும் அதன்கண் அடங்கிய வினா பெரிது. ஒரு பொருளைச் செய்வோன் தன் விருப்பப்படி செய்யுங்கால், அதனால் விளையும் இடரைச் சுமப்பவன் அப்பொருளை வாங்குவோனாயின், அவ்விருவருக்கும் இடையே அரசு புகுந்து பேசுதல் முறையாகுமா என்பதே அவ்வினா. முறையே என்பதும், ஆனால் அரசுகள் இதுகாறும் பேசியது பாதியே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சார்ஜர் என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் இரண்டு பொருள்கள். சுவரிலுள்ள மின்வாயிலிற் செருகப்படும் சிறு பெட்டி ஒன்று. அப்பெட்டியைக் கைப்பேசியோடு இணைக்கும் கேபிள் என்னும் மின்வடம் மற்றொன்று. பெட்டியின் தொழில், வீட்டிற்கு வரும் மின்சாரத்தை அழுத்தங் குறைந்த நேர்மின்னோட்டமாக மாற்றித் தருதல். இத்தொழில் எல்லாக் கைப்பேசிக்கும் பொதுவானது. கைப்பேசியினுள் இருக்கும் மின்கலமோ, எந்த நிறுவனத்தார் செய்ததாயினும், லித்தியம் கொண்டு அமைந்த ஒரே இனத்தது. உணவும் ஒன்று, உண்பாரும் ஓரினத்தார். ஆயினும் வாய்மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபட்டிருந்தது. இவ்வேறுபாட்டிற்கு இயற்கை காரணமன்று. செய்வோர் விருப்பமே காரணம் என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நம் பழைய மாணவர்களுள் பலர் அக்காலத்தை நன்கறிவர். நோக்கியாவுக்கு முதலில் ஒரு பருமுனை. பின்னர் ஊசிபோன்ற ஒரு மென்முனை. பிற நிறுவனத்தார் ஒவ்வொருவருக்கும் தத்தமக்கென வேறு முனைகள். ஒரு கம்பியின் ஈற்றில் பல தலைகள் கிளைத்துத் தொங்கும் சார்ஜர்கள் கடைத்தெருக்களில் விலைப்பட்ட காலம் அது. 2009ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய நாடுகளில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட சார்ஜர் வகைகள் வழங்கின என அந்நாடுகளின் பொது ஆணையம் கணக்கிட்டது. அவ்வாண்டில் அவ்வாணையத்தின் தூண்டுதலால் கைப்பேசி செய்வோர் பலர் கூடி, மைக்ரோ யூஎஸ்பி என்னும் முனையைப் பொதுவாகக் கொள்வதென உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். அது சட்டமன்று, நல்லெண்ணத்தின்பாற்பட்ட வாக்குறுதியே. அதனாற் பயன் விளையவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. முப்பதாய் இருந்த வகைகள் நாளடைவில் மூன்றாய்ச் சுருங்கின. ஆனால் மூன்று ஒன்றாகவில்லை. இணைப்புத் துண்டு ஒன்றைத் தனியே விற்பவரும் உடன்படிக்கையைக் காத்தவராகவே கருதப்பட்டமையால், கையொப்பமிட்டோருள் ஒன்றாகிய ஆப்பிள் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் லைட்னிங் என்னும் தனக்கேயுரிய புதுமுனையை ஐபோனில் அமைத்தது. 2014ஆம் ஆண்டில் உடன்படிக்கை காலாவதியாயிற்று. அதன்பின் நல்லெண்ணத்தால் மற்றோர் உடன்படிக்கை காண முயன்றது கைகூடவில்லை.

லைட்னிங் முனை இழிந்ததோவெனின், அன்று. மைக்ரோ யூஎஸ்பியைச் செருகுவோர் மேல்கீழ் பார்த்துத் தடுமாறிய நாளில், எப்பக்கம் திருப்பிச் செருகினும் பொருந்தும் நயம் அதற்கு இருந்தது. ஆயினும் அம்முனையினுள் அடையாளங் காட்டும் சிறு சில்லு ஒன்று வைக்கப்பட்டது; பிறர் அதற்குத் துணைக்கருவி செய்ய விரும்பினால் ஆப்பிள் நிறுவனத்திடம் உரிமம் பெறல் வேண்டும் என்னும் முறை நிலவியது. நயம் ஒருபுறமிருக்க, வாயிலுக்குச் சுங்கம் வாங்கும் வசதியும் அதனோடு சேர்ந்து வந்தது. இதனை நோக்குவார்க்கு, முனைகள் பலவாய் நின்றமைக்கு அறிவின் வளர்ச்சி ஒன்றே காரணமன்று, வாணிகத்தின் நாட்டமும் காரணம் என்பது புலனாம்.

நல்லெண்ணத்தை மட்டும் நம்புவதனால் வரும் கேட்டிற்கு வரலாற்றில் ஒரு சான்று காட்டுவேன். 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் அமெரிக்க நாட்டின் பால்ட்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன் முதலிய அண்டை நகரங்களினின்று தீயணைப்போர் புகைவண்டியேறி விரைந்து வந்தனர். நீர் இருந்தது, குழாய் இருந்தது, ஆள்வலியும் இருந்தது. ஆனால் ஒரு நகரத்துக் குழாயின் திருகு மற்றொரு நகரத்து நீர்வாயிற் பொருந்தவில்லை. உதவ வந்தோர் பலர் செய்வதறியாது நின்றனர். ஏறத்தாழ 1,500 கட்டடங்கள் எரிந்து வீழ்ந்தன. அதன்பின் குழாய்த் திருகுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான அளவு ஒன்று வகுக்கப்பட்டது. ஆயினும் ஏற்பதும் விடுப்பதும் நகரங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டமையின், அப்பொது அளவு பரவுதற்கு நெடுங்காலம் பிடித்தது. கைப்பேசியின் மின்கலம் வற்றுதல் ஊர் எரிதலுக்கு ஒப்பாகாதென்பது உண்மையே. எனினும் இரண்டிலும் குறை ஒன்றே: பொருள் கையிலிருந்தும் பொருத்தம் இன்மையால் பயன் இன்மை.

இனி ஐரோப்பியச் சட்டத்தின் உள்ளுறையைச் சுருங்கக் கூறுவேன். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் முதல் அவ்வொன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசி, கைக்கணினி, ஒளிப்படக் கருவி, காதொலிக் கருவி, மின்னூல் படிப்பான் முதலியன, கம்பிவழி மின்னூட்டப்படுவனவாயின், யூஎஸ்பி டைப்-சி என்னும் ஒரே வாயிலை உடையனவாதல் வேண்டும். மடிக்கணினிகளுக்கு 2026ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வரை தவணை தரப்பட்டது. விரைந்து மின்னூட்டும் முறையும், 15 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலை ஏற்கும் கருவிகளுக்கு, பொதுவான ஒன்றாதல் வேண்டும். ஒரு நிறுவனம் தனக்கென வேறு முறையும் வைத்துக்கொள்ளலாம், ஆயினும் அது பொதுமுறையைத் தடைசெய்தல் ஆகாது. சார்ஜரின்றிக் கருவியை மட்டும் வாங்கும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு. பெட்டிக்குள் சார்ஜர் உண்டா இல்லையா என்பதை மேலே படமெழுதிக் காட்டுதலும் கடன். சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே, 2023ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆப்பிள் நிறுவனமும் ஐபோன் 15 முதலாக இவ்வாயிலை ஏற்றுக்கொண்டது. பதினான்கு ஆண்டு வேண்டுகோளால் ஆகாதது சட்டம் இயற்றிய ஓராண்டிற்குள் ஆயிற்று.

நிற்க. இச்சட்டத்தை ஆதரிப்போருட் பலர் மின்கழிவையே முதற்காரணமாகக் காட்டுகின்றனர். எறியப்படுவனவும் வாளா கிடப்பனவுமாகிய சார்ஜர்கள் ஐரோப்பாவில் ஆண்டொன்றுக்கு 11,000 டன் எடை கொண்ட கழிவாகின்றன என்றும், சட்டத்தால் ஆண்டுதோறும் 980 டன் குறையும் என்றும் ஆணையம் மதிப்பிட்டது. குறைவது நன்றே. ஆனால் 2022ஆம் ஆண்டில் உலகம் முழுதும் சேர்ந்த மின்கழிவு 620 இலட்சம் டன் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. அக்கடலின் முன் இஃது ஒரு கைந்நீர். ஆதலின் கழிவை மட்டும் காட்டி வாதிப்போர் தம் கட்சிக்கு வலிமை சேர்த்தாரல்லர். வலிய காரணம் வேறு. ஐரோப்பியரில் நூற்றுக்கு 38 பேர், கைக்கெட்டிய சார்ஜர் பொருந்தாமையால் ஒருமுறையேனும் மின்னூட்ட இயலாது இடர்ப்பட்டதாகக் கூறினர். அவர் தனியே சார்ஜர் வாங்குதற்குச் செலவிட்ட தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கோடி யூரோ. முனையின் வடிவத்தை அவர் தெரிந்தெடுக்கவில்லை. அதன் விலையை மட்டும் அவரே செலுத்தினர். தீர்மானிப்பவன் ஒருவன், தீர்வை கட்டுபவன் மற்றொருவன் என்னும் நிலை எங்கே உளதோ அங்கே பொதுச்சட்டம் புகுதல் அறம். விடுதியில் ஓரறையில் மூவர் வாழுமிடத்து ஒருவன் வடம் பழுதுபட்டால் மற்றவன் வடம் அவனுக்கு உதவுமா என்பது செல்வனுக்குச் சிறு செய்தி. மாதச் செலவை எண்ணிக் கழிக்கும் மாணவனுக்கு அது சிறு செய்தியன்று.

இனி மறுப்போர் கூற்றை நோக்குவாம். அவர் கூற்றுள் வலியது இது: "சட்டம் ஒரு வடிவத்தை நிலைநிறுத்திவிட்டால் அதனினும் சிறந்த வடிவம் பிறவாது, 2009இல் மைக்ரோ யூஎஸ்பியைச் சட்டமாக்கியிருந்தால் இன்றைய டைப்-சி வந்திராது." ஆப்பிள் நிறுவனமும் இவ்வாறே வாதிட்டது. இதனை எள்ளி ஒதுக்கலாகாது. ஆனால் டைப்-சி எங்ஙனம் பிறந்தது என்று பார்த்தல் வேண்டும். அது தனியொரு நிறுவனம் தனக்கென மறைத்துவைத்த புதுமையன்று. ஆப்பிள் உட்படப் பல நிறுவனங்கள் உறுப்பாய் அமர்ந்த பொதுக்குழு 2014ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டது அது. 24 தொடுமுனைகள் கொண்டு, இருபுறமும் திருப்பத்தக்கதாய் அமைந்த அவ்வாயில், 2021ஆம் ஆண்டின் திருத்தத்தால் 240 வாட்டு வரை ஆற்றலைச் செலுத்தும் திறமும் பெற்றது. வாயில் மாறாதிருக்கவே உள்ளாற்றல் வளர்ந்தது. ஆகவே பொதுமை புதுமைக்குப் பகையென்பது பொருந்தாது. மேலும், காலத்திற்கேற்ப இத்தரத்தை மாற்றியமைக்கும் அதிகாரமும் ஐரோப்பியச் சட்டத்திலேயே ஆணையத்திற்குத் தரப்பட்டுள்ளது. அவ்வதிகாரம் உறங்காதிருத்தல் வேண்டும் என்பதே மறுப்போர் கூற்றினின்று நாம் கொள்ளத்தக்க பாடம்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இதனினும் அணிமையான சான்று ஒன்றுண்டு. கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய நாளில், எழுத்துருச் செய்தோர் ஒவ்வொருவரும் எழுத்துக்குத் தத்தம் குறியெண்ணை வகுத்தனர். ஒருவர் எழுதியனுப்பிய கட்டுரை மற்றொருவர் திரையில் பொருளற்ற கோடுகளாய்த் தோன்றியது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு பொது விசைப்பலகையும் பொதுக் குறியீடுகளும் வகுக்க முனைந்தது. 2010ஆம் ஆண்டில் யூனிக்கோடு முறையை ஏற்றது. குறியெண் ஒன்றானமையால் எழுதுவோர் கற்பனையும் ஒன்றாகிவிட்டதோ? இல்லை. முன்னர் எழுத்துருவோடு மல்லாடிய நேரம் எழுத்திற்கே கிடைத்தது. பொதுவகுப்பு மாறாது உறைந்துவிடும் என்றஞ்சுவோர்க்கும் நம் மொழியே விடை தரும். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, லை முதலிய எழுத்துகளின் வடிவத்தைத் திருத்தி ஆணையிட்டது, நெடுங்கணக்கு குலையவில்லை. பொதுவாய் இருப்பதும் திருந்துவதும் ஒருங்கே இயலும்.

மற்றொரு மறுப்பு, மாற்றத்தால் பழைய வடங்கள் அனைத்தும் குப்பையாகுமே என்பது. ஆம், ஒருமுறை ஆகும். ஆனால் மாற்றாதிருப்பின் கருவி மாறுந்தோறும் ஆகும். ஒருமுறை வரும் இழப்பையும் என்றும் வரும் இழப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது.

இவ்வாறெல்லாம் கூறியும், அச்சட்டம் பாதியே பேசியது என்று முதலிற் சொன்னேன். அதனை இனி விளக்குவேன். வாயில் ஒன்றாயிற்று; வடம் ஒன்றாகவில்லை. டைப்-சி முனையுடைய இரண்டு வடங்களை அருகருகே வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் ஒன்று 60 வாட்டு வரையே தாங்கும். மற்றொன்று 240 வாட்டும் தாங்கும். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட் அளவே செய்தியைக் கடத்தும். மற்றொன்று 40 கிகாபிட் கடத்தும். ஐபோன் 15 வரிசையிலேயே, ஒரே தோற்றமுடைய வாயில், விலை குறைந்த கருவியில் 480 மெகாபிட் விரைவும், விலை மிகுந்த கருவியில் 10 கிகாபிட் விரைவும் உடையதாயிற்று. முன்னர் முனை வேறுபட்டபோது பொருந்தாமை கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பொருந்திய பின்னரும் பொருந்தாமை மறைந்து நிற்கின்றது.

இம்மறைவு சிலவிடத்துத் தீங்கும் பயக்கும். டைப்-சி புதிதாய்ப் பரவிய 2015ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் சந்தையில் விற்கப்பட்ட வடங்களை ஒவ்வொன்றாய் வாங்கிச் சோதித்தார். பழைய வகைச் சார்ஜரையும் டைப்-சி கருவியையும் இணைக்கும் வடத்தினுள் 56 கிலோ ஓம் அளவுள்ள மின்தடையம் ஒன்று இருத்தல் விதி. பல வடங்களில் அதற்கு மாறாக 10 கிலோ ஓம் தடையம் இருக்கக் கண்டார். அது, "சார்ஜர் 3 ஆம்பியர் தரவல்லது" என்று கருவிக்குப் பொய் கூறும்; கருவி அதனை நம்பி மிகுதியாய் இழுக்க, சார்ஜரோ கணினியின் வாயிலோ பழுதுறும். கம்பிகளே இடம்மாறிப் பொருத்தப்பட்டிருந்த மற்றொரு வடம் 2016ஆம் ஆண்டில் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கியது. வடிவம் ஒத்திருந்ததே அங்கு மோசத்திற்கு வழியாயிற்று. ஆதலின் முனையைப் பொதுவாக்கும் சட்டம், வடத்தின் ஆற்றலும் விரைவும் அதன்மேற் பொறிக்கப்படல் வேண்டுமென்றும், விதிக்கு மாறான வடம் விற்போர் தண்டிக்கப்படல் வேண்டுமென்றும் உடன் கூறாதாயின் அது நிறைவுடையதாகாது.

விலையைக் குறித்தும் ஒரு சொல். 2020ஆம் ஆண்டில் ஐபோன் 12 வெளிவந்தபோது பெட்டியினின்று சார்ஜர் நீக்கப்பட்டது. பழையதைப் பயன்படுத்துக என்றனர். ஆனால் உடன் வைத்த வடத்தின் ஒருமுனை டைப்-சி. பலர் வீட்டிலிருந்த பழைய சார்ஜரிலோ அகன்ற பழைய வாயிலே இருந்தது. பொதுமை வருமுன் சிக்கனம் வந்தமையால் நேர்ந்த இடர் இது. பொதுமை வந்தபின் சார்ஜரை நீக்குதல் தகும். நீக்கியதன் பயன் விற்போன் பையில் மட்டும் சேராது வாங்குவோன் விலையிலும் தெரிதல் வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வினா எழுந்துள்ளது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் நடுவணரசின் நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில், கைப்பேசி, கைக்கணினி, மடிக்கணினி ஆகியவற்றிற்கு டைப்-சி வாயிலைப் படிப்படியாக ஏற்பதெனத் தொழில்துறையினர் இசைந்தனர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கான தரத்தையும் வெளியிட்டது. தரம் வெளியிடல் ஒன்று, அதனைக் கட்டாயமாக்கல் மற்றொன்று என்பதை ஐரோப்பாவின் பதினான்கு ஆண்டு வரலாறு காட்டுகின்றது. அக்கூட்டத்தில் மற்றொரு கருத்தும் எழுந்தது. பொத்தான் கைப்பேசிகளுக்கு வேறொரு சார்ஜர் வகுக்கலாம், இல்லையேல் அவற்றின் விலை ஏறும் என்பது அது. விலையேற்றம் ஏழைக்கு ஆகாது என்பது மெய். ஆனால் இதன் முடிவு யாது? வயல்வேலை செய்யும் தந்தையின் கைப்பேசிக்கு ஒரு வாய், கல்லூரி பயிலும் மகளின் கைப்பேசிக்கு வேறு வாய் என ஒரே குடிசையில் இரு வடம் வாங்கும் நிலை என்றும் நீடிக்கும். பொதுமையின் பயன் மிகுதியும் வேண்டியவர் எவரோ அவரே அதற்குப் புறத்தே நிறுத்தப்படுவர். ஆதலின் பொத்தான் கைப்பேசிக்குத் தவணை கொடுக்கலாம். விலக்குக் கொடுத்தல் ஆகாது.

மாணவ நண்பர்காள்! நாம் சட்டம் இயற்றுவோரல்லேம், எனினும் வாங்குவோராவோம். வடம் வாங்குங்கால் அதன் ஆற்றலை வினவி வாங்குதல், பொறிப்பில்லாத வடத்தை மறுத்தல், பயனற்ற பழைய வடங்களைக் குப்பையில் எறியாது மின்கழிவு பெறுவோரிடம் ஒப்புவித்தல் ஆகிய மூன்றும் நம் கையிலுள்ளன. சட்டத்தின் எஞ்சிய பாதியை எழுதுவிக்க வல்லது வாங்குவோரின் ஒருமித்த குரலே. முனையை ஒன்றாக்குவித்த அக்குரல், முனைக்குள் இருப்பதையும் நேர்மையாக்குவித்தல் கூடும். பொருந்துகின்றதா என்று மட்டும் கேட்டுவந்த நாம், சொன்னபடி செய்கின்றதா என்றும் கேட்கப் பழகுவோமாக.